மண்டபமும் கண்டியும்: மலையகத்தின் இரு வாசல்கள்

(பதுளையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மலைகளுக்கு நடுவே இருக்கும் பதுளையில் கடலோரத்து அலுவலகம் ஒன்றைப் பற்றியும் மலைநாட்டு அலுவலகம் ஒன்றைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். ஊவாத் தோட்டங்களில் வாழும் நம் குடும்பங்களில் பெரும்பாலானவை கடல் தாண்டி வந்தவை. நம்மை எழுதி, எண்ணி, முத்திரை குத்தி அனுப்பிய இரண்டு அலுவலகங்கள் கடலின் இரு பக்கத்திலும் இருந்தன. ஒன்று, இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணில் நடத்திய மண்டபம் முகாம். மற்றது, இந்திய அரசாங்கம் இலங்கை மண்ணில், கண்டியில் நடத்திய ஏஜன்ட் அலுவலகம். நாம் இந்த நாட்டுக்குள் வந்த வாசல் மண்டபம். நம்மவர்களில் பல இலட்சம் பேர் இந்த நாட்டை விட்டுப் போன வாசல் கண்டி. இந்த இரண்டையும் பற்றி நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு தெரியும் என்ற கவலைதான் என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

இதுபோன்ற பழைய அலுவலகங்களில் தூதரகக் கட்டடங்களைப் பல நாடுகள் போற்றிப் பாதுகாக்கின்றன. தைவானில் காவோசியுங் துறைமுகத்தை மேட்டிலிருந்து பார்க்கும் பழைய பிரித்தானியத் தூதரகம் 1879இல் கட்டி முடிக்கப்பட்டது. இன்று அது ஓர் அருங்காட்சியகம். ஜப்பானின் ஹகோடடே துறைமுகத்தில் 1913இல் எழுந்த பிரித்தானியத் தூதரகமும் அப்படியே பேணப்படுகிறது. துறைமுகத்தையொட்டிக் கட்டிய இடங்கள் அவை. இன்று அங்கே போகிறவர்கள் தூதரின் மேசையையும் அவர் பார்த்த கடலையும் பார்க்கிறார்கள். மண்டபத்திலும் கண்டியிலும் நாம் தேட வேண்டியது வேறு. மேசைக்கு இந்தப் பக்கம், கையில் சீட்டோடு வரிசையில் நின்றவர்களின் வரலாறு நமக்கு வேண்டும்.

முதலில் வந்த வழியைச் சொல்கிறேன். கோப்பிக் காலத்தில் நம் முன்னோர் பாய்மரத் தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். கொலராவும் பசியும் அந்தப் பாதையில் ஆயிரக்கணக்கானவர்களைத் தின்றன. 2023இல் மலையக மக்கள் இலங்கைக்கு வந்ததன் இருநூறாவது ஆண்டையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போனார்களே, அது அந்தப் பழைய பாதையை நினைவுகூர்ந்த நடைதான். கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தது. அதன் பிறகு வேலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டியிருந்தது; குடும்பம் குடும்பமாக வேண்டியிருந்தது. 1904இல் தோட்ட முதலாளிமார் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழிலாளர் ஆணையகத்தை அமைத்தார்கள். கங்காணிமார் ஊர் ஊராகப் போய் ஆள் திரட்டினார்கள். தோட்டத்தின் எண்ணைப் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் கட்டி அனுப்பும் வழக்கமும் இருந்தது. அந்த வில்லையைக் காட்டினால் வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் விழும். ஆள் யார் என்பதைச் சொல்ல அந்த எண் போதும் என்று நினைத்த காலம் அது.

1914 பெப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் நீராவிக் கப்பல்கள் ஓடத் தொடங்கின. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ் என்று வைஸ்ராய்மாரின் பெயர் சூட்டிய கப்பல்கள். சுமார் 35 கிலோமீற்றர் கடல். அந்தக் கடலில் இறங்குமுன் தோட்டத்துக்கு வரும் ஒவ்வொருவரும் கடக்க வேண்டிய இடம்தான் மண்டபம் முகாம்.

நான் மண்டபத்துக்குப் போயிருக்கிறேன். இராமேஸ்வரம் போகும் ரயில் பாதையில் மண்டபம் கேம்ப் என்று தனியாக ஒரு நிலையமே இருக்கிறது. அங்கே நிலம் ஒடுங்கிப் போகிறது. வடக்கே பாக்கு நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. நடுவில் மணலும் பனையும் வேலிக்கருவையும். முகாமுக்குள் வெளியார் நினைத்தவுடன் நுழைய முடியாது. பதிவும் காவலும் உண்டு. வெளியே வீதியில் நின்று பார்த்தாலே வரிசை வரிசையான தாழ்ந்த கட்டடங்கள் தெரியும். அறைக்குப் பக்கத்தில் அறை, முன்னால் ஒடுங்கிய தாழ்வாரம். தோட்டத்தில் பிறந்த எவருக்கும் அந்த அமைப்பை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. லயத்து வாழ்க்கை தேயிலைத் தோட்டத்தில் தொடங்கியது என்றுதான் நாம் எண்ணுகிறோம். அதற்கு முன்னோட்டம் இந்தக் கடற்கரையிலேயே நடந்துவிட்டது.

அந்த முகாமின் நோக்கம் நோய்த் தடுப்பு. கொலராவும் பிளேக்கும் அம்மையும் தோட்டங்களுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக ஆட்களைச் சில நாட்கள் அங்கே மறித்து வைத்தார்கள். அம்மைப்பால் குத்தினார்கள். உடுத்த துணியை வாங்கிக் கிருமி நீக்கினார்கள். பின்னாளில் கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்தார்கள். பெயர், ஊர், கங்காணியின் பெயர், போகும் தோட்டம் எல்லாம் பதிவேட்டில் ஏறின. நிலம் இந்தியாவில் இருந்தது. முகாமை நடத்தியது இலங்கை அரசாங்கம். மருத்துவரும் மேற்பார்வையாளரும் கொழும்பின் ஆட்கள். காசுள்ள பயணிகள் போட்மெயிலில் தனுஷ்கோடிக்குப் போய்க் கப்பல் ஏறினார்கள். முகாமில் தங்க வைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் தோட்டத்துக்கு வந்தவர்களும் ஏழைகளும்தான்.

இதில் நன்மை எதுவும் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். காட்டு வழியில் செத்து விழுந்த கூட்டத்தை நினைத்துப் பார்த்தால், மருந்தும் சோறும் கொடுத்துக் கப்பலில் ஏற்றிய ஏற்பாடு பல உயிர்களைக் காத்தது. ஆனால் அந்த மருந்துக்குப் பின்னால் இருந்த கணக்கையும் பார்க்க வேண்டும். காய்ச்சலில் படுத்துவிடுகிற ஆள் தோட்டத்துக்கு நட்டம். முகாமின் பதிவேட்டில் ஏறியவர்கள் அரசாங்கத்தின் கண்ணுக்கு உழைப்பாகத் தெரிந்தார்கள். குடிமக்களாகத் தெரியவில்லை. அந்தப் பார்வை பிறகு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்லத்தான் வருகிறேன்.

தலைமன்னாரில் இறங்கி ரயில் ஏறி மலைக்கு வந்தார்கள். ஊவாவுக்கு வந்தவர்களின் பயணம் இன்னும் நீளமானது. ரயில் 1893இல் ஹப்புத்தளைக்கும், 1894இல் பண்டாரவளைக்கும் வந்தது. பதுளைக்கு வர 1924 பெப்ரவரி ஆனது. முப்பது ஆண்டுகள். மடுல்சீமைக்கும் லுணுகலைக்கும் நமுனுகுலவுக்கும் போக வேண்டியவர்கள் மூட்டையோடும் கைக்குழந்தையோடும் மலைப்பாதையில் நடந்துதான் போனார்கள். இன்று தெமோதரையில் உல்லாசப் பயணிகள் படம் பிடிக்கிற ஒன்பது வளைவுப் பாலத்தின் வழியாக, பின்னால் வந்தவர்கள் கோச்சியில் போனார்கள்.

இனிக் கண்டிக்கு வருவோம். தொழிலாளர் குடிபெயர்வதை ஒழுங்குபடுத்த 1922இல் இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. அதன்படி 1923இல் இந்திய அரசாங்கத்தின் ஏஜன்ட் ஒருவர் கண்டிக்கு வந்தார். கொழும்புத் துறைமுகத்தை விட்டு மலைக்கு நடுவே அலுவலகம் வைத்ததில் பொருள் இருக்கிறது: அவர் பார்க்க வேண்டிய மக்கள் மலையில் இருந்தார்கள். ஏஜன்ட் தோட்டங்களுக்குப் போவார், முறைப்பாடுகளைக் கேட்பார், துரைமாருடன் கடிதம் எழுதிப் போராடுவார், ஆண்டுதோறும் அறிக்கை எழுதுவார். பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் வெளியுறவுச் செயலாளராக இருந்த கே. பி. எஸ். மேனன் இளம் வயதில் கண்டியில் ஏஜன்டாக இருந்தவர்தான்.

அந்தக் காலத்தில் சில மாற்றங்கள் வந்தன. கடனைக் காரணம் காட்டி ஆளைத் தோட்டத்தோடு கட்டிப்போட்ட துண்டு முறையை 1921ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்திருந்தது. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1929இலிருந்து குறைந்தபட்சக் கூலி நடைமுறைக்கு வந்தது. மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். ஒரே மலை, ஒரே வெயில், ஒரே அட்டைக்கடி. கூலியில் மட்டும் 11 சதம் குறைவு. கொழுந்துக் கூடையைச் சுமந்தவள் பெண் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் பாருங்கள்.

மனு எழுதி ஏஜன்டின் வாசலில் காத்து நின்றதோடு நம்மவர்கள் ஓயவில்லை என்பதையும் பதுளை மேடையில் சொல்லியாக வேண்டும். 1939 ஜூலையில் நேரு இலங்கை வந்தபோது இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. ஓகஸ்ட் 1ஆம் திகதி, இலங்கைக்குக் கூலித் தொழிலாளர் போவதை இந்தியா தடை செய்தது. மண்டபத்துக் கூட்டம் அத்தோடு வற்றத் தொடங்கியது. 1940இல், இதோ பக்கத்தில் இருக்கிற வெவெஸ்ஸத் தோட்டத்தில், தொழிலாளர்கள் தங்களுக்குள் குழுவைத் தெரிந்தெடுத்து நடத்திய வேலைநிறுத்தம் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. பதுளையில் வென்றவர் எஸ். எம். சுப்பையா. இந்த ஊர் அந்த வெற்றியை மறந்துவிடக் கூடாது.

அந்த வெற்றிதான் பலருடைய கண்ணை உறுத்தியது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இந்த நாட்டில் இடைவிடாமல் வாழ்ந்ததை நிரூபி என்றார்கள். மணமானவர்களுக்கு 7 ஆண்டு, மணமாகாதவர்களுக்கு 10 ஆண்டு. ஊரில் அப்பன் செத்துப் போனதற்குப் போய் ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்டால் கணக்கு அறுந்துவிடும். லயத்தில் மழை ஒழுகுகிற கூரைக்குக் கீழே வாழ்ந்தவர்களிடம் காகிதம் கேட்டார்கள். தோட்டத்துச் செக்ரோல், பிறப்புப் பத்திரம், பள்ளிக்கூடப் பதிவு என்று அலைந்தார்கள். சுமார் 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. ஆறில் ஒருவர். எஞ்சியவர்கள் பிறந்த மண்ணிலேயே நாடற்றவர் ஆனார்கள்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைப் பிரித்தார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். பிரிக்கப்பட்டவர்களில் ஒருவரையும் அந்த மேசைக்கு அழைக்கவில்லை. தேயிலைத் தூளை நிறுத்துப் பிரிப்பதுபோல மனிதர்களைப் பிரித்தார்கள் என்று சொன்னால் அது மிகையில்லை.

அப்போதுதான் கண்டி அலுவலகம் ஒவ்வொரு லயத்து வாசலுக்கும் தெரிந்த பெயரானது. சட்டப் பெயர் எதுவாக இருந்தாலும் மக்கள் வாயில் அது ‘கண்டி ஹைக்கமிஷன்’. இன்றைய இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் கண்டி ஏரிக்கு மேலே, ராஜபிஹில்ல மாவத்தையில் இருக்கிறது. அந்த வீதியில் நின்று பார்த்தால் கீழே ஏரி, அதற்கப்பால் தலதா மாளிகை. கண்ணுக்குக் குளிர்ச்சியான இடம். பதுளையிலிருந்து கோச்சி ஏறி, பேராதனையில் மாறி, பசியோடு கண்டிக்குப் போய்க் காத்திருந்தவர்களுக்கு அந்த அழகைப் பார்க்க எங்கே நேரம் இருந்தது? உள்ளே ஒரு படிவம் அவர்களுக்காகக் காத்திருந்தது. கடவுச்சீட்டும், இந்தியாவில் மறுவாழ்வு உதவி பெறுவதற்கான குடும்ப அட்டையும் அங்கிருந்துதான் வந்தன.

அந்தக் காகிதம் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் பிளந்தது. அப்பா இந்தியாவுக்கு எழுதியிருப்பார், மூத்த மகன் இலங்கைக்கு எழுதியிருப்பான். மகளைக் கட்டிக் கொடுத்த வீடு எந்தப் பட்டியலில் இருந்ததோ அந்தப் பட்டியலில் மகளும் போனாள். மலையிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். ஒரு தோட்டத்தில் ஏறினவர்களுக்காக அடுத்த தோட்டமும் ஸ்டேஷனில் நின்று அழுதது.

கப்பல் எங்கே போனது? 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்துவிட்டிருந்தது. பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்குப் போனது. அங்கே இறங்கியவர்களைத் தங்க வைத்த இடம் எது தெரியுமா? மண்டபம் முகாம். பாட்டன் அம்மைப்பால் குத்திக்கொண்ட அதே கடற்கரையில், பேரன் ‘தாயகம் திரும்பியோர்’ என்ற பெயரில் வரிசையில் நின்றான். அங்கிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைக்கும் இன்னும் எங்கெங்கோ அனுப்பினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் தமிழ்நாட்டில் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. இன்று டான்டீ என்று அழைக்கப்படுகிறது. 1969இல் ரெப்கோ வங்கி தொடங்கியதும் அவர்களைப் போன்ற தாயகம் திரும்பியோருக்காகத்தான். கூடலூரிலும் கோத்தகிரியிலும் இன்று கொழுந்து எடுக்கிற கைகளில் பல, ஊவாவிலும் நுவரெலியாவிலும் பழகிய கைகளின் வழித்தோன்றல்கள்.

1983 கலவரத்துக்குப் பிறகு அதே மண்டபம் மூன்றாம் முறை திறந்தது. இந்த முறை போரிலிருந்து தப்பி வந்த அகதிகளுக்காக. 1977, 1983 கலவரங்களில் அடிபட்டு வடக்கே வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய மலையகக் குடும்பத்தினரும் பிறகு படகுகளில் அங்கே போனார்கள். அவர்களுக்கு மண்டபம் புதிய இடமில்லை. அவர்களின் பாட்டனார் இலங்கைக்குப் போகும்போது தங்கிய இடம் அது.

1984இல் கப்பல் நின்றது. கையில் இந்தியக் கடவுச்சீட்டோடு ஏறத்தாழ 84 ஆயிரம் பேர் இந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அப்படி நின்றுவிட்ட ஓர் அம்மாயியைச் சந்தித்தேன். கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப்பெட்டியை இழுத்து, பொலித்தீன் உறைக்குள் துணியில் சுற்றிய கடவுச்சீட்டை எடுத்தார். ஒரே படத்தில் கணவரும் அவரும் பிள்ளைகளும். கணவரின் கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் பெருவிரல் ரேகை. ஓரம் கரையான் அரித்திருந்தது. முத்திரையின் ஊதா நிறம் மட்டும் மங்கவில்லை. இதை இன்னும் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். “கண்டிக்கு நடையா நடந்து வாங்குனது தம்பி. இதுலதானே அவரு படம் இருக்கு” என்றார். அரசாங்கத்துக்கு அது காலாவதியான பத்திரம். அந்த வீட்டில் அவருடைய ஒரே படம் அதுதான்.

2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நாடற்றவர் என்ற அவலம் இங்கே முடிவுக்கு வந்தது. இன்று நம்மிடம் ஆள் அடையாள அட்டை இருக்கிறது, வாக்கு இருக்கிறது. ஆகவே பழைய காகிதம் எதற்கு என்று சிலர் அதை அடுப்பில் போடுகிறார்கள். இதைத்தான் நான் இன்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: போடாதீர்கள்.

ஏன்? மண்டபத்தின் பதிவேடுகளையும் கண்டியின் கோப்புகளையும் எழுதியவர்கள் அதிகாரிகள். அவர்களுடைய பார்வையில் நாம் எண்ணிக்கை. நம் வீட்டுப் பெட்டியில் இருக்கிற துண்டுச் சீட்டும், பற்றுச்சீட்டும், குடும்ப அட்டையும், ஊரிலிருந்து வந்த கடிதமும்தான் அந்த எண்ணிக்கைக்குள் இருந்த ஆளைக் காட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் வரலாறு முழுமையாகும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்தபோது வீடுகளோடு அவற்றில் இருந்த பத்திரங்களும் புதைந்தன. உயிர் போனதோடு ஒப்பிட்டால் அது சிறிய இழப்பு. ஆனால் தப்பிப் பிழைத்தவர்கள் தாங்கள் யார் என்று மறுபடியும் நிரூபிக்க வேண்டியிருந்தது. நம் குடும்பங்களுக்கு இது எத்தனையாவது முறை?

அதனால் சில வேலைகளைச் சொல்கிறேன். ஆசிரியர்களே, உங்கள் மாணவர்களிடம் வீட்டில் இருக்கிற பழைய காகிதம் ஒவ்வொன்றையும் கைபேசியில் தெளிவாகப் படம் பிடிக்கச் சொல்லுங்கள். மூலம் அந்த வீட்டிலேயே இருக்கட்டும். படம் பள்ளிக்கூடத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு படத்தோடும் தோட்டம், டிவிசன், பூர்வீக ஊர், வந்த வழி ஆகியவற்றைப் பெரியவர்கள் சொல்லச் சொல்ல எழுதி வையுங்கள். தனிப்பட்ட விவரங்களை வெளியிடும் முன் அந்தக் குடும்பத்தின் சம்மதம் வாங்குங்கள். நூலகம் நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணகங்கள் இத்தகைய சேகரங்களைப் பேணும் பணியைச் செய்து வருகின்றன. அவர்களோடு கை கோத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்துக்குப் போகிற பிள்ளைகளே, கண்டி ஏஜன்டின் ஆண்டறிக்கைகளைத் தேடிப் படியுங்கள். உங்கள் தோட்டத்தின் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று பாருங்கள்.

இந்திய, இலங்கை அரசாங்கங்களிடமும் ஒரு கோரிக்கை. மண்டபம் முகாமில் ஒரு கட்டடத்தையாவது இந்த மக்களின் நினைவிடமாக ஆக்குங்கள். அங்கே இன்னும் அகதிகள் வாழ்கிறார்கள். அவர்களுடைய வாழ்வுக்கு முதலில் நல்ல தீர்வு காணுங்கள். பிறகு அந்தச் சுவர்களைப் பேணுங்கள். கண்டி அலுவலகத்தின் பழைய கோப்புகளை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடுங்கள். காவோசியுங்கில் ஒரு தூதரின் மேசைக்குக் கிடைத்த மரியாதையில் ஒரு பங்கு, மண்டபத்தில் வரிசையில் நின்றவர்களுக்கும் கிடைக்க வேண்டும்.

அரசாங்கங்கள் செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. காத்திருந்த காலம் போதும். நம்மை யார் யாரோ எழுதினார்கள், இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டார்கள். இனி நம்மை நாமே எழுதுவோம். அதற்கு வேண்டிய முதல் ஏடு உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. இன்றிரவு வீட்டுக்குப் போனதும் அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பக்கத்தில் பாட்டியையோ தாத்தாவையோ உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.